ஒரு லாரி, இரண்டு நடை

பொதுமக்களுக்கும் வருங்காலத் தலைமுறைக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே உள்ள தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டரில், ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு பதினோரு வருடம் கையைக் கடிக்காமல் தொழில் நடத்திய ஒரே மனிதன் நான்தான். இதை வாக்குமூலத்தின் முதல் வரியாகப் போட்டுக்கொள்ள ஆய்வாளர் மறுத்துவிட்டார். "விஷயத்துக்கு வாங்க" என்றார். விஷயமே அதுதான் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் காகிதத்தைத் தள்ளி, "நீங்களே எழுதிக் குடுங்க" என்று விட்டுவிட்டார். நல்லதாகப் போயிற்று.

குறைந்த தூர ஓட்டத்தில் லாபம் என்பது வண்டி நிற்காமல் இருப்பது. அவ்வளவுதான் ரகசியம். மற்றவர்கள் மூன்று லாரி, ஐந்து ஓட்டுநர், கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம், உள்ளே சுழல் நாற்காலி என்று வைத்துக்கொண்டு நட்டத்தில் சுழன்றுகொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு லாரி, இரண்டு நடை. காலை நடை எனக்கு. பெயிண்ட் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பினால், திரும்பும்போது அட்டைப்பெட்டிக் கட்டுகளோடு பன்னிரண்டுக்குள் வந்துவிடுவேன். மத்தியான நடை என் மச்சினனுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு. இன்ஜின் சூடு ஆறுவதற்குள் அவன் ஏறிவிடுவான்; சரக்கை இறக்கி ஏற்றித் திரும்ப இரவு பத்தாகிவிடும்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. சாவியைக் கொடுப்பவன் வண்டியின் குறையை ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். "கிளட்ச் இறுக்கம்", "இடது கண்ணாடி ஆடுது", இப்படி. வாங்குபவன் சோதித்துப் பார்க்கக் கூடாது. அவன் வந்த புதிதில் நான் அவனிடமிருந்து சாவியை வாங்கியதும் டயரைத் தட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன மச்சான், நான் சொல்றேன், நீங்க தட்டிப் பாக்குறீங்க. அப்ப எதுக்கு என்னைக் கேக்குறீங்க? டயரையே கேளுங்க" என்றான். அன்றோடு நிறுத்தினேன். அதன்பிறகு பதினோரு வருடத்தில் ஒருவரை ஒருவர் ஒருநாளும் சோதித்ததில்லை. கல்யாணமானவர்கள்கூட இப்படி இருப்பதில்லை.

அப்படிப்பட்டவன்தான் எனக்குத் துரோகம் செய்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் மனைவி வெளிர்நீலச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"தம்பிக்குதாங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஸ்கூல் வேன் ஓட்டப் போறான்ல? யூனிபார்ம். சைஸ் கொஞ்சம் பெருசா குடுத்துட்டாங்க." நூலைப் பல்லால் கடித்தாள். "என்ன அப்படிப் பாக்குறீங்க? உங்ககிட்ட சொல்லியிருப்பானே."

பள்ளிக்கூட வேன். பத்து டன் வண்டியை மலையில் இறக்கத் தெரிந்தவன், தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு அழும் பிள்ளைகளை ஏற்றி இறக்கப் போகிறான். இதற்கு ஒரு சட்டை, அதற்குப் பொத்தான், பொத்தானுக்கு என் மனைவி.

மறுநாள் விசாரித்தால் ஊருக்கே தெரிந்திருக்கிறது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "என்னண்ணே, இனிமே ரெண்டு நடையும் நீங்கதானாமே? பேசாம கேபின்லயே ஒரு கட்டிலைப் போட்டுருங்க. வீட்டு வாடகை மிச்சம்" என்றார். கிடங்குக் குமாஸ்தா இன்னும் ஒரு படி மேலே போனார். "உங்க மச்சினன் பொழைச்சுக்கிட்டாருங்க. நாலு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பாராம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நாகரிகம் தெரியும்.

வேறு ஓட்டுநரைப் போட்டிருக்கலாமே என்று ஆய்வாளர் கேட்கிறார். போடலாம். புது ஆளிடம் சாவி கொடுக்கும்போது ஒரு வரி சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போக முடியுமா? பதினோரு வருடத்தில் நான் உருவாக்கியது லாரி ஓட்டம் அல்ல, ஒரு மனிதன். அந்த மனிதனைத் தூக்கிக்கொண்டு அவன் போகிறான். இதை எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது?

இனி அந்த வியாழக்கிழமை. வழியில் ஒரு மலை இறக்கம், ஒன்பது வளைவு. காலை நடையில் இரண்டாவது வளைவில் பிரேக் பெடல் மெத்தையை மிதித்ததுபோல் உள்ளே போயிற்று. இன்னொரு முறை மிதித்தேன், பிடித்தது. மூன்றாம் வளைவில் மூன்று முறை மிதிக்க வேண்டியிருந்தது. முதல் கியரில் ஊர்ந்தே கீழே வந்து சேர்ந்தேன். சரக்கை இறக்கி, அட்டைப்பெட்டியை ஏற்றிக்கொண்டு, திரும்பும் வழியில் மெக்கானிக் பட்டறையில் நிறுத்தினேன். பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கையெல்லாம் எண்ணெய்.

"அண்ணே, பின் சக்கரத்துல பிரேக் ஆயில் ஒழுகுது. இதை வச்சுக்கிட்டா மலையில இறங்குனீங்க? வீட்ல சண்டையா?"

"மெதுவாத்தான் வந்தேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சதால மெதுவா வந்தீங்க. வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்."

"மத்தியான நடை இருக்கே."

"ஒரு நடை போகலேன்னா உலகம் நின்னுடாதுண்ணே."

"சரிப்பா, மச்சினன்கிட்ட சொல்லிடறேன். அவனே கொண்டுவந்து விடுவான்" என்றேன். அவர் தலையாட்டினார். என் சொல்லுக்கு இந்த ஊரில் இருக்கும் மதிப்பு அப்படி.

மச்சினன் கொட்டகையில் காத்திருந்தான். அட்டைப்பெட்டியை இறக்கி, பெயிண்டை ஏற்றி முடித்தார்கள். அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினான்.

"வண்டி என்ன சொல்லுது மச்சான்?"

"ஒண்ணும் சொல்லல, மாப்ளே. நல்லா ஓடுது."

"அதான பாத்தேன். உங்களை மாதிரியே, வாயைத் திறக்காது" என்று சிரித்துவிட்டு ஏறினான். டயரைத் தட்டவில்லை. எதையும் பார்க்கவில்லை.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். அவன் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒரு வரி சொல்ல ஆள் இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மூன்று முறை மிதித்தால் பிடிக்கும். எனக்குப் பிடித்ததே. நான் பத்து டன்னை ஊர்ந்து இறக்கியவன், அவன் என் கையில் பழகியவன். ஆனால் வண்டி நன்றாக ஓடுகிறது என்று நம்புகிறவன் முதல் கியரில் இறங்க மாட்டான். அது எனக்குத் தோன்றாமல் இல்லை.

நான்காவது வளைவில் சாலை திரும்பியது. லாரி திரும்பவில்லை.

தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, மிச்சத்தையும் சாப்பிட்டேன். சோற்றை வீணாக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பிறகுதான் என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

லாரி உரிமையாளர் சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். பதினோரு உறுப்பினர், பதினான்கு பொறுப்பாளர் உள்ள சங்கம். தலைவர் ஒலிபெருக்கியில், "ஈடு செய்ய இயலாத இழப்பு" என்று ஐந்து முறை சொன்னார். எனக்கு அடுத்து யார் பேசுவது என்பதில் துணைத்தலைவர்கள் இருவருக்கும் தகராறு. மெக்கானிக் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் நேராக இங்கே, காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்.

என் வருத்தமெல்லாம் மச்சினன் மேல்தான். டீக்கடைக்காரருக்குத் தெரியும், குமாஸ்தாவுக்குத் தெரியும், பொத்தான் தைத்தவளுக்குத் தெரியும். பதினோரு வருடம் சோறும் சாவியும் பகிர்ந்தவனுக்கு மட்டும் கடைசியில் தெரிய வேண்டுமா? எந்த மனிதனுக்கும் இது பொறுக்குமா? இதையே நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆய்வாளர் நான் அதுவரை எழுதியதை வாங்கிப் படித்தார். பேனாவை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவரு உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

இதையும் எழுதிவிடுகிறேன். என் மனைவி பொத்தான் தைத்ததற்கு முந்தின மாதம், நான் தார்ப்பாயின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். "மச்சான், நான் வீட்டுக்குப் போறப்பல்லாம் என் பொண்ணு தூங்கிட்டிருக்கா. ஸ்கூல் வேன் ஓட்டக் கூப்பிடுறாங்க. உங்களுக்கு ஆள் கெடைக்கற வரைக்கும் நான் ஓட்டுறேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் அக்காகிட்டகூட சொல்லுவேன்" என்றான்.

நான் சரி என்றேன்.