சிரிக்க வந்து எழுந்து நின்ற சபை

மன்னார் மண் ஈன்ற மாண்பே! ஜேர்மன் மண்ணில் கெல்சென்கிர்ச்சன் தமிழ்ப் பாடசாலையின் கெழுதகை அன்னையே! வாரமெல்லாம் முதியோர் இல்லச் சமையலறையில் வெந்து, வார இறுதியில் எங்கள் பிள்ளைகளின் வாயில் தமிழை வார்த்தவரே! பனி பெய்த சனிக்கிழமைகளிலும் பஸ் தவறாது, பாடம் தவறாது வந்த பற்றிமா ரீச்சரே! வணக்கம்.

இன்று நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே உங்களை விட்டுவிட்டுச் சபையைப் பார்த்துப் பேசுகிறோம். நீங்கள் வேறு யாரோ ஒருவரின் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருங்கள்.

சபையோரே! தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், லண்டனில் இருக்கும் தம்பி லூக்காஸ் ரீச்சருக்கு ஒரு வீடியோ கசெற் அனுப்பினார். பிரித்தானியத் தொலைக்காட்சி முன்னொரு காலத்தில் சிறுவர்களுக்கென்றே எடுத்த நகைச்சுவைத் தொடர். கறுப்பு வெள்ளைப் படம். துண்டு துண்டாய்ச் சின்னச் சின்ன நாடகங்கள். கழுத்துப்பட்டி கட்டிய பெரிய மனிதர்கள் கடைக்காரராகவும் வைத்தியராகவும் அதிகாரியாகவும் வந்து, மிகுந்த கண்ணியத்தோடு மடைத்தனம் செய்வார்கள். செய்பவர் எவரும் சிரிக்கமாட்டார். மண்டபத்துச் சூடாக்கி பழுதாகிப் பாடம் நடத்த முடியாத ஒரு சனிக்கிழமை, ரீச்சர் அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார். ஆங்கிலம் அறியாத பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "ரீச்சர், அந்த ஆள் ஏன் அப்பிடிச் செய்யிறார்?" என்று தமிழில் கேட்டார்கள். அதுவரை வாய்க்குள் சீலை அடைத்ததுபோல் இருந்த வகுப்பு அது. அன்றே அவர் முடிவு செய்தார்: இப்படித் துணுக்குகளைத் தமிழில் ஆக்க வேண்டும், ஆண்டு விழாவில் பெற்றோர் நடிக்க, பிள்ளைகள் இருந்து பார்க்க வேண்டும்.

அந்த மாத முடிவில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. ஊர் ஊராய்ச் சனம் மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்தது. இங்கே எங்கள் வீடுகளில் தொலைபேசி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

நாடகப் பேச்சு கூட்டத்துக்கு வந்தபோது, பாலர் வகுப்பு ஆசிரியை தேவமலர் எழுந்தார். அவருடைய தாயாரும் அந்தச் சனத்தோடு நடந்தவர். ஒரு தகவலும் இல்லை.

"சனம் மரத்துக்குக் கீழை கிடக்குது. இஞ்சை எங்களுக்குக் கோமாளிக் கூத்தோ அக்கா? நினைக்கவே கூசுது."

ரீச்சர் கேட்டார்: "நீ சொல்லுறது சரி பிள்ளை. உன்ரை மகள் சஜிதா வீட்டிலை என்ன பாஷை கதைக்கிறாள்?"

"டொச்தான், ஜேர்மன் பிள்ளையள் மாதிரி."

"ஏன் எண்டு யோசிச்சியோ? ரெலிபோன் வந்தாலும் தமிழிலை அழுறம், வராட்டிலும் தமிழிலை அழுறம். தமிழெண்டால் அழுறதுக்கு வைச்சிருக்கிற பாஷை எண்டு பிள்ளையள் நினைக்குதுகள். ஒரு நாளைக்குத் தமிழிலை சிரிக்கட்டும். ஆரின்ரையாவது மனம் நொந்தால், இனி நாடகம் எண்டு நான் வாயே திறக்கமாட்டன்."

முதல் வேடத்துக்கு அவர் பிடித்தது பெற்றோர் சங்கத் தலைவர் சிதம்பரம் அண்ணையை. அண்ணை இங்கே இருக்கிறார், கோபிக்கமாட்டார்: அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டவர் இந்த ஊரிலேயே இல்லை. "எனக்கு நடிக்க ஏலாது தங்கச்சி" என்றவரிடம், "நடிக்க வேண்டாம் அண்ணை, வளமையாய் நிக்கிற மாதிரி நில்லுங்கோ" என்றார் ரீச்சர். ஒரு பேச்சாளர் பேச்சை மறந்து நிற்பார். பின்னால் கதிரை களவு போகும். இருக்கப் போய் விழுவார். அவ்வளவுதான் நாடகம்.

மார்கழி ஞாயிறு, ஆண்டு விழாப் பின்னேரம். இடைவேளை முடிந்து சனம் வந்திருந்ததும் அண்ணை மேடைக்கு வந்தார். ஒலிவாங்கிக்கு முன் தலை குனிந்து, பேசாமல் நின்றார். ஐயோ! சங்கத் தலைவர் அப்படி நின்றால் எங்கள் சனத்துக்கு ஒரே பொருள்தான். ஊரிலிருந்து புதுச் செய்தி வந்துவிட்டது! முன்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்தது, கைக்குழந்தையோடு தாய்மார் எழுந்தார்கள். மண்டபம் முழுவதும் மௌன அஞ்சலி. தேவமலர் முன்கதிரையின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றார்.

திரையோரம் நின்ற ரீச்சருக்கு நடப்பது விளங்கியது. நாடகத்தைத் தொடர்ந்தால் செத்தவர்களை எள்ளியதாகும். நிறுத்தினால், சிரிப்பு நமக்கு ஆகாதென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதாகும். அவர் மேடையேறி, அண்ணையின் பக்கத்தில் நின்று, தானும் தலை குனிந்தார். அது நடிப்பல்ல, உண்மையாகவே அஞ்சலி செய்தார். பிறகு நிமிர்ந்தார்.

"புதுச் செய்தி ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ. நிண்டது எங்கடை சனத்துக்காக நிண்டதாய் இருக்கட்டும். இது பிள்ளையளின்ரை நாடகம். நன்றி, இருங்கோ."

சபை இருந்தது. சபை மரபு மீறாத சிதம்பரம் அண்ணையும் இருக்கப் போனார். கதிரையைக் களவெடுக்கத் திரைக்குப் பின்னால் நின்ற சிறீதரனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. சொன்னபடி கதிரையை எப்போதோ இழுத்துவிட்டிருந்தார். தொபுக்கென்று விழுந்த அண்ணை எழுந்து, கோட்டைத் தட்டி, முகம் மாறாமல் கதிரையைத் தேடினார். பிள்ளைகள் பக்கம் வெடித்தது சிரிப்பு. பிறகு தாய்மார். பிறகு தகப்பன்மார். இடப்பெயர்வுக்குப் பின் எங்கள் சனம் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

தேவமலர் திரைக்குப் பின்னால் ஓடிவந்தார். "அக்கா, நானும் சிரிச்சுப்போட்டன். அம்மா இருக்கிறாவோ எண்டே தெரியாமல் சிரிச்சுப்போட்டன்."

"அம்மா கேட்டால் நான் பதில் சொல்லுறன் பிள்ளை" என்று அவரை அணைத்துக்கொண்டார் ரீச்சர்.

பங்குனியில் செய்தி வந்தது. தாயார் கார்த்திகையிலேயே, கொடிகாமத்தில், காய்ச்சலில் போய்விட்டார். மகள் சிரித்த அன்று அவர் உலகில் இல்லை. ரீச்சர் அந்த வீட்டுக்குப் போய் நெடுநேரம் இருந்தார். இனித் தேவமலர் பாடசாலைப் பக்கமே வரமாட்டார் என்று நாங்கள் நினைத்தோம்.

அடுத்த ஆண்டு ஒத்திகைக்கு அவர் தானாக வந்தார். "எனக்கும் ஒரு பகுதி தாங்கோ அக்கா." அதிகாரியைச் சந்திக்க நேரம் கேட்டு, டெர்மின் எடுக்க வந்த முதியவரிடம், டெர்மின் எடுப்பதற்கு டெர்மின் இருக்கிறதா என்று கேட்கும் அதிகாரி வேடம். மேடையில் முதியவரை அவர் திருப்பி அனுப்பினார். மீண்டும் வந்தவரை மீண்டும் அனுப்பினார். பொறுக்க முடியாத சஜிதா கதிரையில் ஏறி நின்று, மண்டபம் அதிரக் கத்தினாள்:

"அம்மா! பாவம் அந்த மாமா! அவரை உள்ளை விடுங்கோ!"

டொச்சில் அல்ல, தமிழில். அதிகாரி சிரிக்கக் கூடாது. தேவமலர் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை.

பற்றிமா ரீச்சரே! ஸ்டுட்கார்ட்டில் மகள் வீட்டில் மனம் மகிழ்ந்து, மெய் நோவின்றி, மூப்பும் உங்களைக் கண்டு முகம் மலர, நெடுங்காலம் இருங்கள்! இங்கே எங்கள் வீடுகளில் அழுகை இன்னும் ஓயவில்லை. ஆனால் அழும் தாயிடம் "அம்மா, ஏன் அழுறீங்கள்?" என்று பிள்ளைகள் இப்போது தமிழில் கேட்கிறார்கள். அதற்காக உங்கள் கைகளைப் பற்றி வணங்குகிறோம்.

இங்ஙனம்,
தேவமலர், சிதம்பரம், சிறீதரன்
மற்றும் ஆசிரியர்கள், பெற்றோர்கள்
கெல்சென்கிர்ச்சன், ஆடி 1999