டிக்கிக்கு ஒரு சுவிட்ச்

— அக்கா, நான் உள்ளதான் படுத்திருக்கேன். டிக்கிய மூடிட்டிய.

— தெரியும். தெரிஞ்சுதான் மூடுனேன்.

— என்னத்துக்கு?

— உன்னாண்ட தனியாப் பேசணும். வெளிய இருந்தா நீ ஸ்பேனர எடுக்குறேன், ஒயர வெட்டுறேன்னு நழுவிகினே இருப்ப. இப்ப எங்க நழுவுவ? சுவிட்ச்சு முன்னாடி ஸ்டீரிங்காண்ட கீது. நான் போய் அமுக்குனாத்தான் இது தொறக்கும்.

— அந்தச் சுவிட்ச்ச மாட்டினதே நான்தானக்கா.

— அது எனுக்குத் தெரியாதா? பொங்கல்லேர்ந்து இந்த வூட்டுல வேற பேச்சே இல்ல. சோறு போடுறப்ப சுவிட்ச்சு, தண்ணி ஊத்துறப்ப சுவிட்ச்சு. எண்பத்து நாலு மாடல் அம்பாசிடரு, டிக்கி மட்டும் இந்தக் காலத்து காரு மாதிரி தானா தொறக்கப் போவுதாம். தே பாரு முத்துச்செல்வி, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு, அமுக்குறேன்.

— கேளுங்க.

— உனுக்கும் என் வூட்டுக்காரருக்கும் இன்னா?

— என்னக்கா இப்படிக் கேக்கிய?

— கேக்கிய, கேக்கிய! அந்தப் பேச்சே எனுக்கு ஆவல. ஒரு நாளு அவரு என்ன ‘ஏட்டி, தண்ணி கொண்டா’ன்னாரு. இந்தப் பென்னலூர்ல பொறந்து பென்னலூர்லயே வளந்த ஆளு. அவங்க வம்சத்துலயே எவனும் பொண்டாட்டிய ஏட்டின்னு கூப்ட்டதில்ல. அது எங்கேர்ந்து வந்துச்சு?

— எங்க திருநவேலிப் பக்கம் அப்படித்தான் பேசுவோம். கூட இருந்து வேல பாத்தா ஒட்டிக்கிடும்லா.

— அதத்தான் நானும் கேக்குறேன். எவ்ளோ கூட இருந்தா ஒட்டும்?

— அக்கா, இங்கன ஒரே வேக்காடா இருக்கு.

— இருக்கட்டும். எனுக்குப் பொங்கல்லேர்ந்து வேக்காடாத்தான் கீது.

— சரி. நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. நான் இந்தப் பூட்டு ஸ்க்ரூவ முறுக்கிக்கிட்டே சொல்லுதேன்.

— இன்னா நெஞ்சழுத்தம் பாரு! உள்ள மாட்டிகினு ஸ்க்ரூ முறுக்குறா. சரி சொல்லு, அவர மொதல்ல எங்க பாத்த?

— எங்க கம்பெனிலதான். ஒரகடத்துல நாங்க கட்டுத ஒயர்தான அண்ணன் வேல பாக்குற காரு கம்பெனி லைனுக்குப் போகுது. ஒரு கனெக்டர் லூசா வந்துட்டுன்னு கம்ப்ளெய்ன்ட். சூப்பர்வைசரோட வந்து என் டேபிள்கிட்ட நின்னாரு. கனெக்டர மாட்டினதும் ஒரு தடவ இழுத்துப் பாக்கணும்க்கா. கழண்டு வரலேன்னாத்தான் அடுத்த ஆளுக்குத் தள்ளணும். நான் மாட்டி, இழுத்துக் காட்டினேன். அவரு பாத்துக்கிட்டே நின்னாரு.

— ‘செல்வி மாட்டினா எவன் இழுத்தாலும் கழறாது.’ அதையும் சோத்துல கை வச்சிகினு சொன்னாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஆக்கிப் போடுறேன். ‘என் பொண்டாட்டி கொழம்பு இப்டி’ன்னு வெளிய யாருகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருப்பாரா?

— சொல்லிருக்காரு.

— இன்னா?

— என்கிட்ட சொல்லிருக்காரு. நீங்க வைக்கிற நெத்திலிக் கொழம்பப் பத்தி. மாங்கா போட்டு வைப்பியளாமே. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு.

— எங்கொழம்பப் பத்தி உன்னாண்ட இன்னாத்துக்குப் பேசணும்?

— நானும் அப்படித்தான் நெனப்பேன்.

— பேச்ச மாத்தாத. முன் சீட்டு விசயத்துக்கு வா.

— என்ன முன் சீட்டு?

— மாசி மாசம் ஒரு நாளு வண்டியத் தொடைக்கப் போனேன். டிரைவர் சீட்டு நல்லா முன்னாடி தள்ளிக் கெடந்துச்சி. அவருக்குக் கால் நீளம், எப்பவும் பின்னாடிதான் தள்ளிப் போட்டுப்பாரு. குள்ளமா ஒருத்தி உக்காந்தாத்தான் அப்டி இழுத்துப் போடணும்.

— சுவிட்ச்சுக்கு ஒயர் இழுக்கணும்லா. டேஷ்போர்டுக்கு அடில கை போகணும், அதான் சீட்டத் தள்ளினேன்.

— அடில பூந்து வேல செய்யிறவ சீட்டப் பின்னாடி தள்ளுவாளா, முன்னாடி இழுப்பாளா? என்ன இன்னா ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சிக்கினியா? வாயத் தொற!

— ஓட்டிப் பாத்தேன்க்கா. ஒரே ஒரு தடவ. இருங்காட்டுக்கோட்டை பக்கத்துல, சர்வீஸ் ரோட்டுல. ஓட்டுறியான்னு கேட்டாரு. நானும் சரின்னுட்டேன்.

— ஓட்டக் குடுத்தாரா? உனுக்கா?

— கிளட்ச்ச எப்படி விடணும்னு சொல்லிக் குடுத்தாரு. அவ்வளவுதான்.

— தே, அந்த வண்டில நான் முன்னாடி உக்காந்ததே கெடையாது. எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவணும்னு கேட்டேன். ஆட்டோவுல போ, சீட்டு கவரு புதுசு, அழுக்காவும்னாரு. என்ன ஒக்கார வைக்கவே மனசு வரல, உனுக்கு ஸ்டீரிங்கையே குடுத்துட்டாரா?

— அக்கா, அழுதியளா?

— நான் ஏன் அழணும்? கத்தவும் மாட்டேன். கத்துனா பக்கத்து வூட்டு சந்திரம்மா மதில் மேல ஏறி நின்னுகினு கேக்கும்.

— அழாதிங்கக்கா. ஒரு வண்டி ஓட்டினதுக்கா?

— வண்டியா பிரச்சன? உன் பேரச் சொல்றப்ப அவரு மூஞ்சில ஒரு வெளிச்சம் வரும். அது எனுக்கு வந்ததே இல்ல. ஆமா, பொறாமதான். நல்லாக் கேட்டுக்கோ, பொறாமதான் எனுக்கு. உன் கையப் பாத்தா பொறாம. நீ ஹாஸ்டல்ல இருந்துகினு உன் இஷ்டத்துக்கு வர்ற, போற, அது பொறாம. இந்தத் தகரத்தப் பாத்தாக்கூட பொறாம. ஞாயித்துக்கெழம ஆனா ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுறாரு பாரு, என் தலைக்கு ஒரு சீக்கா வாங்கியாந்ததில்ல.

— இன்னும் என் பேரச் சொல்லுதாரா?

— இப்ப ஒரு மாசமா சொல்றதில்ல. சுத்தமா நிறுத்திட்டாரு. அதான் எனுக்குப் பயமே. பேசிக்கினு இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். வாய மூடிக்கினாரு பாரு, அன்னிக்குத்தான் என் தூக்கம் போச்சி.

— பேரக்கூட எடுக்கதில்லியா?

— எடுக்குறதில்ல. நானே ‘அந்தப் பொண்ணு வரலியா, வேல பாதியிலேயே நிக்கிது’ன்னேன். வருவா வருவான்னுட்டு எழுந்து போயிட்டாரு.

— வந்துட்டேன்லா இப்ப.

— வந்த. அவரு இல்லாத நேரமாப் பாத்து வந்த. உண்மையச் சொல்லு. உங்கம்மா மேல சத்தியமா சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லியா?

— எங்கம்ம மேல சத்தியமா, அண்ணன் என்கிட்ட பேசியே ஒரு மாசம் ஆச்சுக்கா. ஒரு வார்த்த இல்ல. வேலய எடுத்தோம், பாதில விடக் கூடாதேன்னுதான் வந்தேன்.

— பேசறதே இல்லியா?

— பேசதே இல்ல.

— நெசமா?

— அம்ம மேல சத்தியம் பண்ணுதேன், அதுக்கு மேல என்ன?

— அட ஆண்டவனே. பேசவே இல்லியா! நான்தான் கண்டதையும் நெனச்சி வெந்துகினு இருந்தனா? இரு, தோ அமுக்குறேன். இரு!

— மெதுவாப் போங்க.

— அமுக்கிட்டேன்! தொறந்துச்சா?

— இல்லக்கா.

— செவப்பு சுவிட்ச்சுதான? ஐயோ, அமுக்கிகினே கீறேன், டக்குன்னு ஒரு சத்தம்கூட வரல! செல்வி!

— இருக்கேன்.

— சாவி போட்டுத் தொறக்கலாம்னா சாவி ஓட்டையே இல்லியே! பழைய காரு ரேலிக்குப் போவணும், பின்பக்கம் வழவழன்னு இருக்கணும்னு டிங்கர் பரசுராமன வச்சி கைப்பிடியக் கழட்டி, ஓட்டைய அடைச்சி, பெயிண்ட்டும் அடிச்சுட்டாரு. கடப்பாறையால நெம்பட்டா?

— நெம்பாதிங்க. பெயிண்ட் போயிரும்.

— பெயிண்ட்டு எக்கேடோ கெட்டுப் போவுது! நீ உசுரோட வெளிய வரணும்! செல்வி? ஏம்மா, பேசு! மூச்சு முட்டுதா?

— ...

— செல்வி! அடியே, பேசுடி! தகரம் வெயில்ல கொதிக்குது. நான் பாவி, ஒரு பொண்ண உள்ள வச்சிப் பூட்டிட்டேனே!

— அண்ணனுக்குப் போன் போடுங்கக்கா.

— அவருக்கா? நான்தான் மூடுனேன்னு தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாரு.

— காத்துக்கு மூடிக்கிட்டுன்னு சொல்லுங்க. போடுங்க.

— இரு, இரு, நம்பரத் தேடுறேன். ஹலோ? இன்னாங்க, நாந்தான். சீக்கிரம் வூட்டுக்கு வாங்க. செல்வி டிக்கிக்குள்ள மாட்டிகினா, சுவிட்ச்சு வேல செய்யல. எந்தச் செல்வியா? உங்க ஒயர் செல்விதான்! இன்னாது, நீங்க வரச் சொல்லலியா? யாரு வரச் சொன்னா இன்னா இப்ப, புள்ள உள்ள தவிக்கிது! ஃப்யூஸா? எனுக்கு ஃப்யூஸப் பத்தி இன்னா தெரியும்? வாங்க மொதல்ல!

— எடுத்துட்டாரா?

— எடுத்தாரு, எடுத்தாரு. மறைமலை நகர்ல சீட்டு தெக்கிற கடையாண்ட கீறாராம். எல்லாத்தையும் போட்டுட்டு பைக்க எடுத்துட்டாரு. கொஞ்ச நேரம் தாங்கிக்கோம்மா. நான் இங்கயேதான் நிக்கிறேன். தங்கச்சி மாதிரி நீ, உன்னப் போயி இப்டிப் பண்ணிட்டேனே. என் புத்திய செருப்பால அடிக்கணும்.

— தள்ளி நில்லுங்கக்கா. மூடி மோவாயில இடிச்சிரும்.

— இன்னா மூடி? ஐயோ! தொறந்துகிச்சி! ஆத்தா கெங்கையம்மா! வா, கையக் குடு, எறங்கு. எப்டி வேத்துக் கெடக்க பாரு. இந்தா, முந்தானையால தொடச்சிக்கோ. வா உள்ள, மோர் தர்றேன். இன்னிக்கு நெத்திலிக் கொழம்புதான். இருந்து சாப்ட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்.

— வேண்டாம்க்கா. அவரு வரதுக்குள்ள கெளம்புதேன். வேல முடிஞ்சிட்டு. இந்தாங்க, இத முன்னாடி போட்டா சுவிட்ச்சு ஓடும்.

— இன்னா இது?

— ஃப்யூஸ். எங்க கம்பெனில மெஷினுக்குள்ள தலய விடுதவ, மொதல்ல ஃப்யூஸப் புடுங்கித் தன் பாக்கெட்ல போட்டுக்கணும். வெளிய நிக்கவ தெரியாம எத அமுக்கினாலும் உள்ள இருக்கவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்லா. டிக்கில ஏறுததுக்கு முந்தியே புடுங்கிட்டேன்.

— அப்ப சுவிட்ச்ச நான் எவ்ளோ அமுக்கினாலும்?

— ஓடாது.

— அப்புறம் எப்டித் தொறந்துச்சி?

— பூட்டு என் மூஞ்சிக்கு நேராத்தான இருந்துச்சு. விரலால ஒரு தள்ளு.

— மூடுனதும் அந்தத் தள்ளு தள்ளியிருக்கலாமே! நெனச்சிப் பாத்தா, தொறன்னு ஒரு தடவகூட நீ கேக்கலியே. நான் தலையில அடிச்சிகினு கதறுனேன், கேட்டுக்கினு படுத்திருந்த. சொல்லுடி, அவருக்கு எதுக்குப் போன் போடச் சொன்ன?

— இழுத்துப் பாத்தேன்க்கா. நீங்க போட்டதும் எடுத்துட்டாரு. ஒரு மாசமா நான் போடுதேன், எடுக்கவே மாட்டேங்காரு.