மஞ்சள் தடவிய துணியும் திறக்காத எங்கள் கதவும்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கண் மருத்துவர் குமரகுருபரன் ஐயா அவர்களே, துயரத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே, தோழிகளே! பத்தாம் வகுப்பு விஜயஸ்ரீயின் வணக்கம்.

நம் கண் மருத்துவர் சாலோமி வேதநாயகம் அம்மையார் மறைந்துவிட்டார். மாணவியர் சார்பில் அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்தார்கள். புகழ எனக்கு ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து வருகிறவள், வெட்கப்படாமல் எப்படிப் புகழ முடியும்?

குழந்தைகளுக்கும் கண்புரை வரும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பெரிய நகரங்களில் குழந்தையை முழுவதும் மயங்கவைத்து அறுவை செய்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் கிடைக்காத ஊர்களில் என்ன செய்வது? மயக்கத்தைத் தாங்காத பிள்ளைகளுக்கு என்ன செய்வது? விட்டுவிடலாமா? அம்மையார் விடவில்லை! சொன்னதைக் கேட்டு அசையாமல் படுத்திருக்கக்கூடிய பிள்ளைகளுக்குக் கண் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, பிள்ளை விழித்திருக்கும்போதே அறுவை செய்தார்.

அதற்கு முன்னால் பல நாள் பழக்குவார். முகத்தின்மேல் ஒரு கண்ணுக்கு மட்டும் துளைவிட்ட துணியைப் போர்த்தி, மல்லாந்து படுக்கவைத்துப் பேச்சுக் கொடுப்பார். தும்மலோ இருமலோ வந்தால் செவிலியர் டார்லின் அக்காவின் கையை அழுத்த வேண்டும். அம்மையார் உடனே கருவியை எடுத்துவிடுவார்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கீழே இறங்கி வந்த முத்துராணிக்கு அப்படித்தான் அறுவை நடந்தது. டார்லின் அக்கா சொல்லியிருக்கிறார். அம்மையார், “மலையிலருந்து வார பஸ்ஸு எங்கெங்க நிக்கும்? தலைய ஆட்டாம சொல்லு பிள்ள” என்று கேட்டாராம். துணிக்கு அடியிலிருந்து முத்துராணி, “சும்மா பேச்சுக் குடுக்காதிய டாக்டரம்மா. கண்ணுல கவனமா வேலையப் பாருங்க” என்றாளாம். “உத்தரவு தாயி! ஏ டார்லின், நீ சிரிக்காத. எனக்கும் சிரிப்பு வருது, கை ஆடிரப் போவுது” என்றாராம் அம்மையார். இன்று முத்துராணி முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் தம்பி சிவகணேஷ் அவள் பக்கத்தில்தான் இருக்கிறான். அவனுக்கு நான் ஒரு வெள்ளை நிழல்.

அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. முழு மயக்கம் ஆபத்து என்று பெரிய மருத்துவமனையிலேயே சொல்லிவிட்டார்கள். அம்மையார் “நான் செய்கிறேன்” என்றார். தம்பி வீட்டில் துணியைப் போர்த்திப் பழகினான். நன்றாகவே பழகினான்! அப்போதுதான் முக்கூடலிலிருந்து சொர்ணாம்பாள் அத்தை வந்தார். கூடத்தில் வெள்ளைத் துணிக்கு அடியில் அசையாமல் கிடந்தவனைப் பார்த்ததும் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு அலறினார்.

“ஏ ஐயம்பெருமாளு! உயிரோட இருக்க பிள்ளைய இப்படியால மூடிப் போடுவாவ? வெளங்குமா இந்த வீடு?”

“பழகுதான்க்கா. முழிச்சிருக்கும்போதே கண்ணுல கத்தி வைக்கணும்லா, அதுக்குத்தான்” என்றார் அப்பா.

“முழிச்சிருக்கும்போதா! அடப் பாவி, நீயெல்லாம் ஒரு தகப்பனா?”

என் அப்பா கெட்டவரல்ல. பயந்தவர். தம்பி அசந்து தூங்கினால் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பவர். அந்தச் சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. அம்மையாருக்குத் தொலைபேசியில், “வெள்ளைத் துணி அபசகுனமா இருக்கு, வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே அம்மையார் எங்கள் வாசலுக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் உள்ளே இருந்தோம். அத்தை ஜன்னலைச் சாத்திக்கொண்டே, “வீட்டுல ஆளில்ல” என்றார்.

“ஆளில்லாத வீட்டுல டிவி பாக்கது யாரு மதினி?” என்று வெளியே சிரித்தார் அம்மையார். பிறகு அந்தக் குரல் தணிந்தது. “அண்ணாச்சி, வெள்ளைதான பிடிக்கல? பச்சைத் துணி தச்சுக் கொண்டாந்திருக்கேன். நாலு மூலையிலயும் மஞ்சத் தடவியிருக்கேன். புதுத்துணி மாதிரி போத்திக்கிடட்டும். கேட்டுல மாட்டிட்டுப் போறேன்.”

குரலைக் கேட்டதும் தம்பி எழுந்தான். அம்மா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார். யாரும் கதவைத் திறக்கவில்லை. நம் நெல்லையில் வாசலுக்கு வந்தவருக்கு ஒரு செம்புத் தண்ணீர்கூடவா கிடைக்காது? எங்கள் வீட்டில் கிடைக்கவில்லை! அடுத்த வாரம் மாரடைப்பில் அம்மையார் போய்விட்டார்.

வண்ணார்பேட்டையில் வைத்திருக்கும் பேனரைப் பார்த்திருப்பீர்கள். ‘ஆழ்ந்த இரங்கலுடன்’ என்ற வரிக்குக் கீழே என் அப்பாவின் பெயரும் இருக்கிறது. பள்ளிக்கு வரும்போதெல்லாம் அதைத் தலைகுனிந்தே கடக்கிறேன். திறக்காத கதவுக்கு அந்த இரங்கல் ஈடாகுமா?

இதை இங்கே சொல்லப்போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பேசு என்றும் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை. நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

அம்மையாரே, உங்கள் பணி உங்களோடு நின்றுவிடாது! உங்களோடு சேர்ந்து அறுவை செய்த குமரகுருபரன் ஐயா இருக்கிறார். கையைப் பிடித்துக்கொள்ள டார்லின் அக்கா இருக்கிறார். பழகும் பிள்ளைகள் பயந்தால் பக்கத்தில் தாங்களும் படுத்துப் பேச்சுக் கொடுப்பதாக என் வகுப்புத் தோழிகள் உறுதி சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்கிறேன். என் தம்பிக்கு இன்னும் வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பாவின் சம்மதம்.

என் அப்பாவுக்கு வாயால் சொல்ல வராது. அதனால் குமரகுருபரன் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்போது நாம் எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தப்போகிறோம். அது முடிந்து அனைவரும் அமர்ந்த பிறகும், மூன்றாவது வரிசையில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தால், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் எழுந்து நிற்போம்.