டோரின் அம்மாள் புத்திசாலி என்பதற்கான சான்று

அக்கா, என் வேலை நிரந்தரமாகி ஒரு வருடம் தாண்டிவிட்டது. அம்மாவிடம் மறுபடியும் சொல்லிவிடு, என் விசாவுக்காக இனி ஜோசியரிடம் போக வேண்டாம். எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருந்தாய். நல்ல முறையில்தான் கிடைத்தது. முழுதும் சொல்கிறேன், நீயே பார்.

வருமானம் குறைந்தவர்களுக்கு இங்கே நகரசபை வீட்டு வாடகையில் ஒரு பங்கைக் கொடுக்கும். வீட்டு வரியிலும் கழித்துக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு வருமானம் என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. டோரின் ஆக்ராய்ட் என்று ஓர் அம்மாள், வயது எழுபத்திரண்டு. முன்பு வேலை பார்த்த பிஸ்கட் தொழிற்சாலை அவருக்கு வாரம் அறுபத்திரண்டு பவுண்டு ஓய்வூதியம் தரத் தொடங்கியது. மறுநாளே கடிதம் போட்டு எங்களுக்குத் தெரிவித்தார். நான் அதை ஆறு பவுண்டு இருபது பென்ஸ் என்று ஏற்றிவிட்டேன். ஒரே ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் போன் செய்தார்.

"கண்ணு, டோரின் பேசறேன். நீங்க போடற பணம் கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதே. சரியாத்தான் இருக்கா?"

"சரியாத்தான் இருக்குங்கம்மா. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு."

"அப்பச் சரி. எனக்கென்ன தெரியும், நான் பிஸ்கட் அடுக்கினவ."

பதினான்கு மாதம் கழித்துத் தணிக்கையில் அந்தப் புள்ளி அகப்பட்டது. அதற்குள் இரண்டாயிரத்து எண்ணூறு பவுண்டு அதிகமாகப் போயிருந்தது. என் மேலாளர் கெய்த் கூப்பிட்டார். அப்போது எனக்குத் தற்காலிக வேலை. நிரந்தரமாக இன்னும் ஆறு வாரம் இருந்தது.

"தம்பி, தப்பு நம்மளோடதுன்னா அந்தப் பணத்தைத் திருப்பிக் கேக்க முடியாது. சட்டம்."

"அப்ப விட்டுடலாமா சார்?"

"விடலாம். ஆனா வருசத்துக்கு இவ்வளவுதான் தப்பு பண்ணலாம்னு மேலிடத்துல ஒரு அளவு வெச்சிருக்கான். இந்த வருசத்துக் கோட்டாவை ஆகஸ்டுலயே சாப்பிட்டுட்டோம். உன் தப்பு வெளிய தெரிஞ்சா உன்னை நான் நிரந்தரமாக்க முடியாது." காபியை ஒரு வாய் குடித்தார். "அந்தம்மா ஒண்ணும் மக்கு இல்லியே?"

இதற்கு மட்டும் சட்டத்தில் ஒரு வழி உண்டு. பணம் அதிகமாக வருவது வாங்குகிறவருக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று காட்டிவிட்டால், தப்பு எங்களுடையதானாலும் திருப்பி வாங்கலாம். ஆகவே நான் டோரின் அம்மாளை இழிவாக எதுவும் எழுதவில்லை. அவர் எவ்வளவு புத்திசாலி என்று எழுதினேன். காலை தேநீர் ஆறுவதற்குள் செய்தித்தாளின் குறுக்கெழுத்தை முடித்துவிடுகிறவர். தோட்டக்காரர் சங்கத்துக்குப் பதினோரு வருடம் பொருளாளர், கணக்கில் ஒரு பென்னி பிசகியதில்லை. இதெல்லாம் அவரே போனில் சொன்னவை. தனியாக இருக்கிறவர், கொஞ்சம் பேசுவார். நான் பொறுமையாகக் கேட்பேன். ஒரு முழுப் பக்கம் வந்தது.

அவர் மேல்முறையீடு செய்தார். தீர்ப்பாயம் என்றால் பெரிதாக நினைக்காதே. ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் கூஜா, ஒரு நீதிபதி. டோரின் அம்மாள் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் எழுதிய அந்தப் பக்கத்தை நீதிபதி சத்தமாகப் படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது.

"நாப்பது வருசத்துல என் வீட்டுக்காரர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார்.

பிறகு என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளைகிட்டத்தாங்க போன்ல கேட்டேன். சரியாத்தான் இருக்குன்னு சொல்லிச்சு."

நீதிபதி என்னைப் பார்த்தார். கோப்பில் இருப்பதை மட்டுமே என்னால் சொல்ல முடியும் என்றேன். கோப்பில் இருந்தது ஒரே வரி: 'பணம் அதிகமாக வருவதாகத் தமக்குத் தோன்றுகிறது என்று போனில் கூறினார்.' இதைவிட வேறு சான்று எதற்கு? கேட்டிருக்கிறார் என்றால் புரிந்திருக்கிறது. கேட்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

"நூறு பேருக்குப் பதில் சொல்ற புள்ள. அதுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? விடுங்க, திட்டாதீங்க" என்று நீதிபதியிடம் எனக்காகப் பரிந்து பேசினார். பண்பானவர்.

உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, அக்கா. அந்தக் குறிப்பில் முதலில் இரண்டு வரி இருந்தது. இரண்டாவது வரி, 'சரியான தொகைதான் என்று நான் தெரிவித்தேன்.' கெய்த் என்னிடம் பேசிய அன்று மதியம், சாப்பிடப் போவதற்கு முன்னால், அதை எடுத்தேன். போன் பதிவுகளை ஆறு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. மீதியிருந்த முதல் வரியில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வாரா வாரம் அவருடைய வாடகைப் பங்கில் பிடித்தோம். வரியில் கழித்ததை மறுபடி சேர்த்துக் கேட்டோம். வாடகை பாக்கி விழுந்தது. ஏழாவது மாதம் வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருடம் இருந்த வீடு. இப்போது தங்கை மகள் வீட்டுக் கூடத்தில் சோபாவில் படுக்கிறாராம். வாடகை கிடையாது என்பதால் அந்தக் கோப்பை முறைப்படி நானே மூடினேன்.

விசாரணை முடிந்த அன்று நான் எழுதிய பக்கத்துக்கு ஒரு நகல் கிடைக்குமா என்று வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். நகலுக்கு இங்கே கட்டணம் உண்டு, நான் வாங்கவில்லை. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தச் சோபாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாராம். பெரியவர்களை மதிக்கத் தெரிந்த பிள்ளை என்று அம்மா என்னைப் பற்றி எப்போதும் சொல்வாள் இல்லையா? அதில் ஒன்றும் மாறவில்லை என்று அவளிடம் சொல், அக்கா.