பாப்பாவின் கைக்கு ஏற்ற கம்பி

புதுக் கிட்டார் கம்பியின் சத்தத்தை முதல் நாளில் நம்பக் கூடாது. உறையைப் பிரித்து மாட்டியவுடன் எந்தக் கம்பியும் பளிச்சென்றுதான் பேசும், விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. வியர்வையும் விரல் அழுக்கும் கொஞ்சம் ஏறிய பிறகுதான் அதன் சொந்தக் குரல் வெளியே வரும். கடைக்கு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அதற்கு மேல் பேச எனக்கு வராது. நாலு பேர் சேர்ந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு எப்படியோ வருகிறது.

போன தடவை நீங்கள் பாப்பாவின் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கனமான கம்பிய யாரும்மா போட்டுக் குடுத்தது?" என்று கேட்டீர்கள். பாப்பா சிரித்துக்கொண்டே, "எங்கக்காதான் டாக்டர். கம்பி விஷயத்துல அவ சொன்னா சொன்னதுதான்" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. அதற்குத்தான் இப்போது பதில் சொல்கிறேன். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். என் தலைக்கு மேல் வளர்ந்த பிறகும் அவள் எனக்குப் பாப்பாதான். அம்மா படுக்கையில் விழுந்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அம்மா போன பிறகு திரும்பிப் போகத் தோன்றவில்லை. சலவைக்கடை மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். கீழே இஸ்திரி போடும் சூடு மேலே ஏறி, எங்கள் தரை எப்போதும் வெதுவெதுவென்றிருக்கும். நான் இசைக்கருவிக் கடையின் பின்னறையில் கம்பி மாற்றுவது, கிட்டார் கழுத்தின் வளைவைச் சரிசெய்வது என்று கற்றுக்கொண்டேன். யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை. பாப்பாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கடையில் யாரோ விற்றுவிட்டுப் போன, தடித்த கம்பிகளில் அடிநாதம் கொடுக்கும் ஒரு பழைய பேஸ் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டு, கூட வாசிக்க ஒரு கூட்டத்தையும் பிடித்துவிட்டாள்.

அவர்கள் வாசிப்பது ஹெவி மெட்டல், காது கிழிகிற ராக் இசை. கார் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை, சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள். பாடுகிறவனுக்குக் கரடி என்று பெயர். மைக்கைப் பிடித்தால் உறுமுவான். ஆனால் டீக்கடையில் அவன் சொல்வது கேட்காமல் கடைக்காரர் இரண்டாம் தடவை கேட்பார். டிரம்ஸ் அடிப்பவன் மேஸ்திரி, எல்லோரையும் வேலை ஏவுவதால்.

முதலில் அவள்தான் என்னிடம் வந்தாள். "அக்கா, மேஸ்திரி அடிக்கிற அடியில என் பேஸ் எங்க போகுதுன்னே தெரியல. நான் வாசிக்கிறேனா, சும்மா கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

அவர்கள் சுருதியை நன்றாக இறக்கி வாசித்தார்கள். இறக்கினால் சாதாரணக் கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்துபோகும். தொய்ந்த கம்பியில் சத்தம் இருக்கும், உருவம் இருக்காது. அதற்குக் கனமான கம்பி போட வேண்டும். போட்டேன். நியாயமான முடிவுதான், எந்தக் கடையிலும் அதையே சொல்லியிருப்பார்கள். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்கார ஒரு சின்ன எலும்புப் பட்டை உண்டு. கனமான கம்பி அதன் பள்ளத்தில் உட்காராது. அரத்தால் பள்ளத்தைத் தேய்த்து அகலமாக்கினேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து எலும்புத் தூளை ஊதி விளையாடிக்கொண்டிருந்தாள். அதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

பயிற்சிக்கு என்னையும் கூட்டிப்போவாள். காலி டிரம் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொள்வேன். அவள் விரல் வைத்தால் பெட்டி அதிரும், அதன் வழியாக என் முதுகெலும்பு அதிரும். அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது, அதனால் என் கூச்சம் யாருக்கும் தெரியாது. அவர்கள் என்னைக் கம்பி அக்கா என்று கூப்பிட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

பிறகு அந்தப் பயணம் வந்தது. பெரிய இசைக்குழு ஒன்று இவர்களைத் தன்னோடு ஊர் ஊராக, நாடு நாடாகக் கூட்டிப்போகக் கேட்டிருந்தது. பாப்பா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"போனா எப்ப திரும்பி வருவேன்னு சொல்ல முடியாதுக்கா. நல்லா அமைஞ்சா அங்கயே இருந்துடலாம்னு கரடி சொல்றான். நீ இருந்துப்பல்ல?"

"இருந்துப்பேன்" என்றேன். தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். அவள் என் தோளில் ஈரக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள்.

போவதற்கு முன்னால் ஒரு பதிவு செய்ய வேண்டியிருந்தது. பதிவுக்கூடத்துக்காரர் கேட்டுவிட்டு, அடியில் எல்லாம் சேறாகக் கலங்கிக் கிடக்கிறது, சுருதியை ஏற்றுங்கள் என்றார். எல்லோரும் ஏற்றினார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தாழ்ந்த சுருதிக்குப் போட்ட கனமான கம்பியை அப்படியே மேலே ஏற்றினால் அது வில் நாண் மாதிரி இறுகும். அழுத்த அசுர பலம் வேண்டும். சுருதி ஏறினால் மெல்லிய கம்பிக்கு மாற வேண்டும், பள்ளம் அகன்றுவிட்டால் அந்த எலும்புப் பட்டையையும் மாற்ற வேண்டும். இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற விஷயம் இது. எனக்கும் தெரியும்.

நான் மாற்றவில்லை. அதைவிடக் கனமான கம்பிக் கட்டு ஒன்றை எடுத்தேன். நிக்கல் சுற்றியது வழவழப்பாக இருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு எஃகு சுற்றியதை எடுத்தேன். கழுத்திலிருந்து கம்பியின் உயரத்தையும் ஏற்றினேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக. அவள் கேட்டால் காரணம் சொன்னேன். எஃகு தெளிவாக வெட்டும், உயரம் இருந்தால் உரசாது, கனம் இருந்தால் மேஸ்திரியின் அடிக்கு ஈடு கொடுக்கும். ஒன்றுகூடப் பொய் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சத்தமும் நன்றாகவே வந்தது. கரடி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுதான். இத்தனை நாளா தேடினது இதத்தான்" என்றான். யாரையும் பாராட்டாத மேஸ்திரி, "கம்பி அக்காவுக்கு ஒரு சிலை வைக்கணும்டா" என்றான்.

"சிலை அப்புறம் வைக்கலாம், மொதல்ல ஒரு ஃபேன் வைங்கடா. இங்க வெந்து சாகறோம்" என்றாள் பாப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் இடது கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"சுண்டுவிரல் மரத்துப்போகுதுக்கா. பக்கத்து விரலும்."

"பழகிடும் பாப்பா."

"எப்போ? நான் கெழவி ஆனப்புறமா?"

"உன் கைக்குச் சோம்பல் ஜாஸ்தி. வாய்க்கு இருக்கிற சுறுசுறுப்பு கைக்கு இல்ல."

அதற்கும் சிரித்தாள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். பயிற்சிக்கு முன்னால் வலி மாத்திரை கொடுத்தேன். வலி தெரிந்தால் வாசிப்பதை நிறுத்திவிடுவாள். அவளுக்கு வலிக்கக் கூடாது என்றுதான் கொடுத்தேன் என்று சொல்ல வந்தேன். இரண்டும்தான்.

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம்தான். கை கொஞ்சம் வீங்கட்டும், இந்த ஒரு பயணம் தவறட்டும். அந்த வண்டிகளும் தூக்கமில்லாத ஊர்களும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே பஸ் ஏறினால் வாந்தி எடுக்கிற உடம்பு அது. அவளுக்கு அது மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை.

பிறகு அவளாகவே ஒரு மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தாள். அவள் போன் எப்போதும் செத்துக் கிடக்கும் என்பதால் என் நம்பரைக் கொடுத்திருந்தாள். கூப்பிட்டார்கள். அப்போது அவள் பேஸ் என் மேசைமேல்தான் படுத்திருந்தது. பேசிய அம்மாள் பொறுமையானவர். முழங்கையிலும் மணிக்கட்டிலும் நரம்பு நசுங்குகிறது, உடனே வாசிப்பதை நிறுத்த வேண்டும், கொஞ்சநாள் முழு ஓய்வு கொடுத்தால் பழையபடி ஆகிவிடும், தாமதித்தால் திரும்பாது என்றார்.

"சொல்லிடறேங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். திரும்பாது என்று அவர் சொன்னதைப் பற்றி அல்ல. பழையபடி ஆகிவிடும் என்றாரே, அதைப் பற்றி. ஓய்வெடுப்பாள், சரியாகிவிடும், போய்விடுவாள். இந்தப் பயணம் இல்லாவிட்டால் அடுத்தது.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "போன் வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. பெருசா ஒண்ணும் இல்லையாம். விட்டுட்டாத்தான் இறுகிடுமாம். வாசிச்சுக்கிட்டே இருக்கணுமாம்."

அவள் அப்படியே வெதுவெதுப்பான தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "அப்பாடா. நான் பயந்தே போயிட்டேன்கா. கை போச்சுன்னே நெனச்சேன்." பிறகு எழுந்து, சாப்பிடக்கூடச் செய்யாமல், வாசிக்க உட்கார்ந்தாள். அன்றைக்குப் புதிதாகப் போட்டிருந்த கட்டுதான் இருப்பதிலேயே கனமானது.

சில வாரங்கள் ஆயின. ஒரு நாள் பயிற்சியில் பாட்டு முடிந்தும் அவள் கை பேஸின் கழுத்தை விடவில்லை. விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன. முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு மேஸ்திரி ஓடிவந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தான். பிரிக்கும்போது அவன்தான் அழுதான். அவள் "ஏய், எனக்குத்தானே வலிக்குது, நீ எதுக்குடா ஒப்பாரி வைக்கிற" என்றாள்.

அறுவைசிகிச்சை செய்தார்கள். நீங்கள் அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு விரல்கள் முழுசாக நீளவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன், தலையும் நான்தான் பின்னிவிடுகிறேன். சின்ன வயதில் பின்னியது மாதிரியே.

கூட்டம் கொஞ்சநாள் காத்திருந்தது. பிறகு வேறொரு பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். தங்கமான பிள்ளைகள், பாப்பாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சேர்த்தார்கள். அவள் தன் பேஸையே அவனுக்குக் கொடுத்துவிட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். நான் எலும்புப் பட்டையை மாற்றினேன், கம்பியைக் கழுத்தோடு தாழ்த்தினேன், நிக்கல் சுற்றிய மெல்லிய கட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதே சுருதி, அதே பாட்டுகள். வேலை என்று வந்தால் நான் சரியாகத்தான் செய்வேன்.

புறப்படுவதற்கு முன்னால் இங்கே ஒரு கச்சேரி வைத்தார்கள். பாப்பா போக வேண்டும் என்றாள். பின்வரிசையில் நின்று கேட்டோம்.

"சவுண்ட் அப்படியே இருக்குல்லக்கா?"

"கொஞ்சம் கம்மிதான்" என்றேன்.

கம்மி இல்லை. உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும், இன்னும் தெளிவாகவே இருந்தது.

"அவனும் என் கம்பியத்தானே போட்டிருக்கான்?"

"ஆமா."

அவள் இடது கையை வலது கையால் பிடித்து மெதுவாக நீவிக்கொண்டே இருந்தாள். மேடை வெளிச்சம் முகத்தில் வந்து வந்து போனது. "அப்ப கம்பிமேல குத்தமில்ல" என்றாள். "என் கைதான் லாயக்கில்லாத கை."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. சத்தம் வேறு அதிகமாக இருந்தது.

அப்புறம் உங்களிடம் வந்தோம். விரலில் மாட்டி இழுப்பதற்கு மூன்று ரப்பர் பட்டைகள் கொடுத்தீர்கள். மஞ்சள் மிருதுவானது, பச்சை நடுத்தரம், கறுப்பு கடைசி. மஞ்சளில் ஆரம்பிக்க வேண்டும், விரல் நடுங்கினால் நிறுத்திவிட வேண்டும், வீங்கினால் உடனே வர வேண்டும் என்று என்னிடம்தான் சொன்னீர்கள். பாப்பா அப்போது வெளியே உங்கள் நர்ஸோடு அரட்டையில் இருந்தாள். இத்தனை நாளாகியும் கை ஏன் தேறவில்லை, ஏன் வீக்கம் வற்றவில்லை என்று உங்களுக்குப் புரியவில்லை. முதல் நாளிலிருந்தே நான் கறுப்பைத்தான் கொடுக்கிறேன். மஞ்சளையும் பச்சையையும் அவள் பார்த்ததே இல்லை. நடுங்கினாலும் நிறுத்தக் கூடாதென்று டாக்டர் சொன்னார் என்று சொல்லியிருக்கிறேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறாள். என் பேச்சை அவள் தட்டுவதே இல்லை.

இப்போது நீங்கள் அவளை உங்கள் மையத்திலேயே தங்கவைத்துப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். உங்கள் ஆட்களே பயிற்சி கொடுத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்ப வாசிக்கலாம் என்று அவளிடமே சொல்லிவிட்டீர்கள். நேற்றிலிருந்து அவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். ஒற்றைக் கையால், பாட்டு முணுமுணுத்தபடி.

அதனால்தான் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கை எவ்வளவு தாங்கும், எங்கே தாங்காது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். அவளை எங்கேயும் அனுப்ப வேண்டாம் டாக்டர், நான் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.