ஆணி இருக்கிற மரம்

– சத்தமே வராத மெஷின் வேணும்னா நீங்க கத்திரிக்கோல்தாம்மா வாங்கணும். மரம் அறுக்கிற மெஷின்னா கத்தத்தான் செய்யும்.

– பேட்டரியில ஓடுறது இருக்காமே பாய். யூடியூப்ல பாத்தேன்.

– இருக்கு. முருங்கைக் கிளை, கொய்யாக் கிளை கழிக்க அது போதும். நீங்க எதை அறுக்கப் போறீங்க?

– விறகுதான்.

– விறகுன்னு ஒரு மரம் பட்டுக்கோட்டை பக்கத்துல இல்லையே. என்ன மரம்?

– ...புளி.

– புளியா! வெட்டிக் காயப் போட்டிருக்கீங்களா?

– இல்ல. நிக்குது.

– நிக்கிற மரமா? விறகுன்னீங்க...

– சாச்சுப்புட்டா விறகுதானே.

– நல்லாப் பேசுறீங்க போங்க. பேட்டரி மெஷினை மறந்துடுங்க. புளியில வச்சா பாதியிலேயே மூச்சு முட்டி நின்னுரும். பெட்ரோல்தான் சரி. ஆள் யாரு அறுக்கப் போறது?

– நான்தான்.

– நீங்களா? வீட்டுக்காரரு?

– சிங்கப்பூர்ல இருக்காரு.

– கொழுந்தன், மாமனாருன்னு யாரும்...

– அவங்களுக்குத் தெரியக் கூடாது.

– ம்... சரி. எனக்கெதுக்கு அது. இந்தா, இதைத் தூக்கிப் பாருங்க. பதினெட்டு இஞ்ச் பார், செயின் ஓடுற தகடு. இதுக்கு மேல போனா வெயிட்டு உங்களை இழுத்துக்கிட்டுப் போயிரும்.

– இது போதும்.

– அட, குடத்தைத் தூக்குற மாதிரி தூக்கிட்டீங்களே! இருங்க, இன்னும் பெட்ரோல் ஊத்தல. பெட்ரோலைத் தனியா ஊத்தக் கூடாது, டூ-டி ஆயில் கலந்துதான் ஊத்தணும். வெறும் பெட்ரோல் ஊத்துனீங்க, பிஸ்டன் பிடிச்சிக்கும். அப்புறம் என்கிட்டத்தான் அழுதுக்கிட்டு வருவீங்க.

– இந்த இன்னொரு மூடி?

– அது செயினுக்கு ஆயில். பெட்ரோல் போடுறப்பல்லாம் இதையும் ரொப்பிடணும். செயின் காஞ்சு ஓடுனா அந்தத் தகடு நீலம் பூத்துப் போயிரும். செயினைக் கையால இழுத்துப் பாருங்க... க்ளவுஸ் போட்டுக்கிட்டு! ஆங், அப்படி. கையோட நகரணும், ஆனா தொங்கக் கூடாது. புதுச் செயின் சூடாச்சுன்னா தொய்யும். அடிக்கடி நிறுத்தி இறுக்கிக்கணும்.

– மொட்டையாப் போச்சுன்னா?

– தூளைப் பாத்தாலே தெரிஞ்சிடும். பல்லு கூரா இருந்தா துருவல் துருவலா வரும். மாவாட்டம் கொட்டுச்சுன்னா மொட்டை. இந்த உருண்டை அரத்தால ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வா, வெளியப் பாத்துத் தள்ளணும். முன்னயும் பின்னயும் ரம்பம் மாதிரி இழுக்கக் கூடாது.

– பாய்...

– சொல்லுங்க.

– மரத்துக்குள்ள இரும்பு இருந்தா?

– இரும்புன்னா?

– ஆணி.

– ஆணி பட்டா அத்தோட செயின் காலி. பல்லு தெறிக்கும். செயின் அறுந்து மூஞ்சிக்கு வந்தாலும் வரும். ஏங்க, ஆணி இருக்கிற மரமா?

– ஒரே ஒரு ஆணிதான்.

– வெளியில தெரியுதா?

– முன்னாடி தெரிஞ்சுது. இப்ப பட்டை மூடிடுச்சு. மரம் முழுங்கிடுச்சு.

– அப்ப காந்தத்தை வச்சுத் தடவிப் பாருங்க. ரொம்ப ஆழமாப் போயிருந்தா அதுவும் காட்டாது. கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டே பாக்கணும். இரும்பைச் சுத்தி மரம் கருத்துப் போயிருக்கும், மை கொட்டுன மாதிரி. கருப்பைக் கண்ட எடத்துல மெஷினை நிறுத்திடணும்.

– நிறுத்திட்டு?

– நிறுத்திட்டு அந்த எடத்தை விட்டுட்டு மேலயோ கீழயோ அறுக்க வேண்டியதுதான்.

– எனக்கு அந்த எடம்தான் வேணும். ஆணி மேல படாம, அதைச் சுத்தி ஒரு கட்டையா வெட்டி எடுக்கணும். அப்புறம் உளியால மெதுவாப் பொளந்துக்குவேன்.

– எதுக்கு, பழைய இரும்புக்குப் போடவா?

– மேல பட்டா வலிக்கும் பாய்.

– யாருக்கு?

– ...மெஷினுக்கு.

– மெஷினுக்கு வலிக்குமேன்னு கவலைப்பட்ட முதல் கஸ்டமர் நீங்கதாம்மா. இருங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன். தரையில வச்சு, கைப்பிடிக்குள்ள காலை விட்டு அமுக்கிக்கணும். சோக் இழுத்து... ம்... பிடிச்சிருச்சு பாத்தீங்களா! முந்தானையைச் சொருகிக்கங்க! முடியை அள்ளி முடிங்க மொதல்ல. செயின்ல முடி சிக்குச்சுன்னா...

– இந்த முடியை இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. உச்சியில பாருங்க, ஒரு கொத்து போன எடம். திரும்ப முளைக்கவே இல்ல.

– அடடா... தழும்பா இருக்கே. ஏங்க, கையை எடுங்க! சைலன்சரு அது! இப்பத்தான் ஓடி நின்னுருக்கு!

– என்ன?

– சுடலையா உங்களுக்கு?

– எனக்கு அவ்வளவாத் தெரியாது.

– கொப்புளம் வந்துரும்மா. இந்தாங்க, தண்ணியில கையை விடுங்க... உக்காருங்க. உக்காருங்க சொல்றேன். அந்த ஆணி... அது முடி சுத்தி அறைஞ்ச ஆணியா?

– ம்.

– உங்க முடிதானா?

– இந்தத் தலை முடிதான். பொண்ணு பொறந்து மூணாம் மாசம். குறுவை நடவு நேரம். வாய்க்காக் கரையில மயங்கிக் கெடந்து எழுந்ததுலேருந்து பேச்சு ஒரு மாதிரியா இருக்குன்னு மாமியாருக்குச் சந்தேகம். பூசாரியைக் கூட்டிட்டு வந்து, மரத்தடியில உக்கார வச்சு, உடுக்கை அடிச்சு, வேப்பங்கொத்தால... அப்புறம் உச்சி முடியைப் பிடிச்சு ஆணியில சுத்தி மரத்துல அறைஞ்சாங்க. பேயைக் கட்டிப்புட்டோம்னு தேங்கா ஒடைச்சிட்டுப் போயிட்டாங்க.

– அதுக்கப்புறம் ஒண்ணும் தொந்தரவு இல்லையே?

– ஒண்ணுமில்ல. நல்ல மருமகள்னு பேரு. புள்ளைதான் பாவம், எங்கிட்டப் பால் குடிக்க மாட்டா. தூக்கிட்டுப் போயி அந்த மரத்தடியில உக்காந்தாத்தான் குடிப்பா. அழுகையும் அங்கதான் நிக்கும்.

– புளிய மரத்தடியிலயா? கைக்குழந்தையை வச்சுக்கிட்டா?

– வேற வழி? கஜா புயல்ல சுத்தி நின்ன தென்னையெல்லாம் வேரோட சாஞ்சுது. அது மட்டும் நின்னுது. அன்னிக்கு ராத்திரி முழுக்க அந்த மரத்துலேருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஊரு, காத்து கத்துதுன்னு சொல்லிச்சு.

– இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப என்ன அவசரம்?

– மாமனாரு மரத்தை செங்கச் சூளைக்குப் பேசி விட்டுட்டாரு. வெள்ளிக்கிழமை ஆள் வராங்க.

– நல்லதாப் போச்சு, அவங்களே அறுத்துட்டுப் போகட்டுமே! நீங்க ஏன்...

– அவங்க ஆணியெல்லாம் பாக்க மாட்டாங்க பாய். துண்டு போட்டு அப்படியே சூளை வாயில சொருகிடுவாங்க. எரியும். முழுசா எரியும்.

– பேய்தானே, எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது.

– அப்படிச் சொல்லாதீங்க.

– சரி சரி... அழாதீங்க. பில்லு போட்டுடுறேன். வாரண்டிக்குப் பேரு வேணும்.

– வானதின்னு... போட்டுக்குங்க.

– வானதி. சொந்த ஊரு திருத்துறைப்பூண்டி பக்கமா?

– ஆமா. எப்படித் தெரியும்?

– பேச்சு வச்சுத்தான். எனக்கும் அந்தப் பக்கம். இங்க கடை போட்டது பின்னால. ஒரே ஸ்கூலாத்தான் இருக்கும்... வானதின்னு ஒரு பொண்ணு படிச்சுது. பத்தாவதுல மாடிப்படியில உருண்டு விழுந்து கையை ஒடிச்சிக்கிச்சு. அது நீங்கதானா?

– ...ஆமா. நான்தான்.

– ரொம்ப வலிச்சிருக்குமே.

– இன்னும் மார்கழிப் பனியில வலிக்கும்.

– ம்.

– என்ன பாய், எழுதாம நிறுத்திட்டீங்க?

– அன்னிக்கு விழுந்தது நான்.

– நீங்களா?

– கை ஒடிஞ்சது எனக்கு. இந்தா, கோணலா இருக்கு பாருங்க. எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. தாவணியைக் கிழிச்சுக் கட்டு போட்டு, பஸ்ஸை மறிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது வானதி. பரீத், பரீத்னு வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்துச்சு, நான் மயங்கிடக் கூடாதுன்னு. நீங்க கடைக்குள்ள வந்ததுமே அடையாளம் தெரிஞ்சுது. என்னைப் பாத்துட்டு ஒரு சிரிப்புகூட இல்லையே, மறந்துடுச்சோன்னு மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதான் சொல்லிக்காம இருந்தேன். அது இல்ல. வானதி மறக்காது.

– பாய்...

– கிட்ட வராதீங்க! நீங்க யாரு?

– பயப்படாதீங்க. ஒண்ணும் பண்ண மாட்டேன். நீங்களாச்சும் கேட்டீங்களே. நடவுக்கு வெளியூர்லேருந்து வந்தவ நான். வாய்க்கால்ல முழுகிப் போயிட்டேன். ஆள் குறையுதுன்னு தேடக்கூட இல்ல, மறுநாள் வேற ஆளை இறக்கி நட்டாங்க. கரையில வானதி புள்ளைக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு உக்காந்திருந்தா. கேக்க ஆசையா இருந்துச்சு. கிட்டப் போனேன். அவ்வளவுதான்.

– யா அல்லா... அப்ப வானதி எங்க?

– இத்தனை நேரம் எதுக்கு மெஷின் பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சீங்க?

– மரத்துலயா? உள்ளயா?

– ம். மெஷினைக் கொடுங்க பாய். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி எடுத்துடணும்.

– எடுத்துட்டா... நீங்க?

– நான் போகணும். உடம்பு ஒண்ணுதானே இருக்கு. பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா. அம்மா அம்மான்னு கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்குறா. அதை விட்டுட்டுப் போகத்தான் மனசு வரல, இத்தனை வருஷம் இழுத்துட்டேன். தப்புதான். ஆனா அவளை நெருப்புல விட்டுட்டு அந்தப் புள்ளை மூஞ்சியில முழிக்க முடியாது.

– நானும் வரேன். நானே அறுத்துத் தரேன், கீறல் படாம எடுத்துடலாம். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பூசாரி பேயைத்தானே அறைவான்? வானதியை எப்படி...

– போறியா, போறியான்னு கேட்டுக்கேட்டு அடிச்சான் பாய். நான் வாயே தொறக்கல. அடி தாங்காம, “போயிடுறேன், விட்டுடுங்க”ன்னு சொன்னது வானதிதான்.