சிங்கிள் ஓனர் சாய்வு நாற்காலி

பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வாக்குமூலத்தை இப்படி ஆரம்பிக்கலாமா என்று எனக்குத் தெரியாது, மேடம். ஆனால் உங்கள் ஸ்டேஷன் மேசைமேல் இருக்கிற தண்ணீர்ச் செம்பைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. யாரோ அதைப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறார்கள். தேய்த்தால் அது வெறும் பாத்திரம். கறுத்துப்போய், விளிம்பில் ஒரு நெளிசலோடு இருந்தால் அதற்குப் பெயரே வேறு, விலையும் வேறு.

என் போக்கில் எழுதச் சொன்னீர்கள். என் போக்கு கொஞ்சம் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சேவுகன். திருமயத்தில் இருக்கிறேன். ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான் வாங்கி, போனில் படம் எடுத்து, இணையத்தில் போட்டு விற்கிறேன். ஒரு குட்டியானை வண்டி, ஒரு போன், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு வெள்ளை வேட்டி. என் கடை இவ்வளவுதான். அந்த வேட்டிக்கு முன்னால் வைத்தால் ஓட்டை அண்டாவுக்கும் கல்யாணக்களை வந்துவிடும். வாங்குகிறவர்கள் செய்கிற கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தை வாங்கி, உள்ளே பல்பு போட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். கொல்லைக்குப் போகும்போது கொண்டுபோகிற செம்பை வாங்கிய ஒரு சென்னைக்கார அம்மாள், அதில் ரோஜாப்பூ செருகி வரவேற்பறையில் வைத்துப் படம் அனுப்பினார். அந்தச் செம்பு எதற்கு இருந்தது என்று நான் படத்துக்குக் கீழே விவரத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். அவர் படிக்கவில்லை.

என் தொழிலில் நான் பெருமைப்படுகிற விஷயம் அதுதான். விவரத்தில் பொய் எழுதமாட்டேன். கீறல் இருந்தால் கீறலைப் படம் எடுத்துப் போடுவேன். செல்லரித்த கால் என்றால் செல்லரித்த கால் என்றே எழுதுவேன். பேசி வாங்கிய பொருளைத் தவிர அந்த வீட்டிலிருந்து ஒரு ஆணியைக்கூட எடுத்துவரமாட்டேன். என் இணையப் பக்கத்தில் வாங்கியவர்கள் எழுதியிருப்பதைப் பாருங்கள். 'நம்பி வாங்கலாம்' என்று எழுதாதவர்கள் குறைவு.

ஒரே ஒரு தொல்லை, நம் ஆட்கள் நல்ல பொருளைக் கொடுக்கமாட்டார்கள். உடைந்ததைத் தூக்கிக் கொடுப்பார்கள். நல்லது எது என்று கேட்டால், "அது இருக்கட்டும் தம்பி" என்பார்கள். குன்றாண்டார்கோவிலில் ஒரு வீட்டு ஊஞ்சல் பலகைக்காக நடையாய் நடந்தேன். அந்த வீட்டுப் பெரியம்மா அதைத் தொடக்கூட விடவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பலகையிலேயே படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இயற்கையான சாவு, நான் அப்போது ஊரிலேயே இல்லை. கருமாதி முடிந்ததும் அவர் மகனே என்னைக் கூப்பிட்டு, பலகையை வண்டியில் ஏற்றி, போகும்போது திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்குத் தொழில் புரிந்தது. எங்கள் பக்கம் ஒருவர் உயிர்விட்ட கட்டிலையோ பலகையையோ வீட்டில் வைத்துக்கொள்ளப் பலருக்கு மனம் வராது. எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். மற்ற வியாபாரிகள் வீட்டை இடிக்கிற இடமாகத் தேடிப் போகிறார்கள். நான் துக்க வீட்டுப் பந்தலைத் தேடிப் போக ஆரம்பித்தேன். மாலையோடு போய், துட்டி கேட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் பொருளைப் பற்றிப் பேசுவேன். மரியாதை முக்கியம். விராலிமலைக் கட்டிலைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை, கேட்கும்போது சொல்கிறேன்.

இனி வீரய்யா.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. திருச்சி மதுரை ரோட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை. ஒரே மகள் அருணா சிங்கப்பூரில். பக்கத்து வீட்டுச் செவந்தியக்காதான் அவருக்குச் சமைத்துக் கொடுப்பது. பழைய பீங்கான் மங்குத் தட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுத்தான் அந்த வீட்டுக்குள் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி. பர்மா தேக்கு. ஏதோ ஒரு பெரிய வீட்டை இடித்தபோது வந்த உத்தரத்தை வாங்கி, தன் கல்யாணத்துக்கு அவரே ஆசாரியை வைத்துச் செய்தது. நீளக் கைகள், பிரம்புப் பின்னல், ஒரு இடத்திலும் தொய்வில்லை. அதில் வீரய்யா இரண்டு கையையும் நீட்டிப் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்க்கிறமாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, என்னையப் பாக்குறியா, நாற்காலியப் பாக்குறியா?" என்றார்.

உண்மையைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"நா சாகுறவரைக்கும் இதுலருந்து எந்திரிக்கிறதா இல்ல. டிரைவர் சீட்ட விட்டு எறங்கிட்டா வண்டிய யாரு ஓட்டுறது?"

எனக்கு அவரைப் பார்த்த நிமிஷமே பிடித்துவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் போக ஆரம்பித்தேன். "வாப்பா ஓட்டை ஒடசல்" என்றுதான் கூப்பிடுவார். எந்த வளைவில் எந்த டிரைவர் எப்படித் திணறினான் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டிக் காட்டுவார். நான் பின்சீட்டுப் பயணி மாதிரி "மெதுவா, மெதுவா" என்பேன். செவந்தியக்கா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார். வீரய்யாவுக்கு இதய நோய் இருந்தது. மாத்திரை வாங்கப் புதுக்கோட்டைக்குப் போகவேண்டும். நான் எப்படியும் அங்கிட்டுப் போகிறவன்தானே, நானே வாங்கிவந்து கொடுத்தேன். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை ஒரு பழைய பித்தளைப் பொடி டப்பாவில் போட்டு மடியில் வைத்திருப்பார். டப்பா அருமையான வேலைப்பாடு. ஆனால் நான் அதை விலை கேட்கவில்லை, ஒரு வீட்டில் ஒரு பொருள்தான் கேட்பேன்.

இதற்கிடையே பெங்களூரிலிருந்து ஹரிணி என்று ஒரு பெண். காபிக்கடை திறக்கப்போகிறார். நாற்காலியின் படத்தைச் சும்மா ஒரு ஆசைக்கு அனுப்பினேன், அதுதான் என் கெட்ட நேரம். ஆடி பிறப்பதற்குள் கட்டாயம் வேண்டும் என்றார். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற ஆள் நான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நாற்காலிக்காரர் விஷயத்தில் அது செல்லாது. அவர் இருக்கும்வரை நாற்காலி வராது. சரி, போனாலும் வருமா என்றால், எங்கே போகிறார் என்பதைப் பொறுத்தது. கட்டிலில் போனால் எனக்குக் கட்டில்தான் கிடைக்கும், அது வெறும் இரும்புக் கட்டில். நாற்காலியை மகள் கப்பலில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஆஸ்பத்திரியில் போனால் எனக்கு ஒன்றுமே கிடையாது. ஆக, அவர் போக வேண்டும், அதுவும் நாற்காலியில் இருந்தபடியே போக வேண்டும். நீங்களே யோசித்துப் பாருங்கள், இதைக் கடவுளிடம் விட்டுவிட முடியுமா? அவருக்கு ஆயிரம் வேலை.

டப்பாவிலிருந்த மாத்திரையை எடுத்துவிட்டு, ஹோமியோபதிக் கடையில் விற்கிற சர்க்கரை உருண்டையைப் போட்டேன். கிட்டத்தில் இருப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. அதே வாரம் என் பக்கத்தில் 'விரைவில் வருகிறது' என்று தலைப்புக் கொடுத்து நாற்காலிப் படத்தைப் போட்டேன். முன்கூட்டியே போட்டால்தான் நாலு பேர் கேட்பார்கள், விலையும் நிற்கும். படம் எடுத்தபோது அவர் கொல்லைப்பக்கம் போயிருந்தார், துண்டு மட்டும் நாற்காலிக் கையில் கிடந்தது. விவரத்தில் இப்படி எழுதினேன்: 'சிங்கிள் ஓனர். மரம் பழசு, நாற்காலி அவ்வளவு பழசில்லை. கடைசிவரை பயன்பாட்டில் இருந்தது.' ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா, சொல்லுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் போனபோது வீரய்யா என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடக்கமாட்டாமல் சிரித்தார்.

"வாப்பா. ஒனக்கு ஒரு சங்கதி வச்சிருக்கேன். செவந்தி காபி கொண்டாரட்டும், குடிச்சிட்டுச் சொல்றேன்."

"அதுக்குள்ள, மாடியில பழைய பொட்டி ஒண்ணு இருக்குன்னீங்களே, அதப் பாத்துட்டு வந்துரலாமாய்யா?" என்றேன்.

மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய டாக்டர்தான். படி செங்குத்து. எனக்கு ஒரு உதவி என்றதும் வீரய்யா மறுக்கவில்லை. பெட்டியில் பார்க்க ஒன்றுமில்லை. இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்து, டப்பாவைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னப்பா இது... இனிக்குது."

"புது கம்பெனி மாத்திரைங்கய்யா."

பிறகு, உள்ளே போய்க் கட்டிலில் படுக்கிறேன் என்று எழப் பார்த்தார். அவ்வளவு தூரம் வந்துவிட்டு இரும்புக் கட்டிலா? தோளில் இரண்டு கையையும் வைத்து மெதுவாக அழுத்தி, "இதுலயே சாஞ்சுக்கங்கய்யா, ஒங்க சீட்டுதானே" என்றேன். பலம் போடவேண்டிய அவசியமே வரவில்லை. கடைசிவரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் எனக்கு ஒரு நிறைவு, தனியாகப் போகவில்லை பாருங்கள்.

செவந்தியக்கா காபியோடு வந்து பார்த்து அலறினார். நாலு பேர் கூடினார்கள். எல்லாரும் அவரை நாற்காலியில் பார்த்தபிறகுதான் தூக்கவிட்டேன். பந்தல், குளிர்ப்பெட்டி, சங்கு, கண்ணீர் அஞ்சலி பேனர், எல்லாம் நான்தான் ஓடியாடிப் பார்த்தேன். பேனருக்கு பஸ் முன்னால் நிற்கிற அவர் படத்தைத் தேடிப் போட்டேன், பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆறிப்போன அந்தக் காபியை வீணாக்கவேண்டாமே என்று நான் குடித்தேன். அழுதேன், மேடம். நடிப்பு இல்லை.

அருணா வந்து இறங்கினார். நாற்காலியைக் கட்டிக்கொண்டு கதறினார். ஒரு நிமிஷம் எனக்கே பயமாகிவிட்டது, கொண்டுபோய்விடுவாரோ என்று. நல்லவேளை, செவந்தியக்கா இருந்தார்.

"உசுரு போன நாற்காலிய வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதும்மா. யாருக்காச்சும் குடுத்து அனுப்பிருங்க."

கருமாதி அன்றைக்கே ஏற்றிவிட்டேன். அருணா சும்மாவே எடுத்துப்போகச் சொன்னார். நான் கேட்கவில்லை, நியாயமான விலையைக் கையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அப்போது நாற்காலிமேல் கிடந்த அவர் துண்டுக்குள்ளிருந்து அந்தப் பொடி டப்பா கீழே விழுந்தது. நான் நினைத்திருந்தால் பையில் போட்டிருக்கலாம். ஆனால் பேசியது நாற்காலிக்குத்தானே? எடுத்துத் துடைத்து அருணா கையில் கொடுத்தேன். பிறகு அவர் அதைத் திறந்து ஒரு உருண்டையை வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். என் பக்கத்தில் நாற்காலிப் படம் போட்ட தேதியையும் பார்த்திருக்கிறார். அப்பா உயிரோடு இருக்கும்போதே போட்ட படம். உங்களிடம் வந்துவிட்டார். என்னைப் பிடித்தது என் நேர்மைதான், இதை நீதிபதியிடமும் சொல்வேன்.

ஆக, வீரய்யாவைக் கொன்றது நான்தான். திட்டம் போட்டுத்தான் செய்தேன். யாரும் உடந்தை இல்லை. இதில் அடித்தல் திருத்தல் தேவையில்லை.

ஆனால் நேற்று நீங்கள் அருணா சொன்னதைப் படித்துக் காட்டினீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் படத்தை அவர் முதலில் பார்த்தது வியாழக்கிழமையாம். நாற்காலியை விற்றுவிட்டீர்களா என்று உடனே அப்பாவுக்குப் போன் போட்டாராம். வீரய்யா சிரித்தாராம்.

"அந்தப் பயலுக்கு இதுமேல அம்புட்டு ஆசை தாயி. படமே போட்டுட்டானா? சரி, நாளைக்கு வருவான், அவனையே தூக்கிட்டுப் போகச் சொல்லிர்றேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போதும். மகன் மாதிரி வர்றான், அவன்கிட்டயா காசு வாங்குறது?"

காபி குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்ற சங்கதி அது.

கேட்டதும் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். நீங்கள்கூட இந்தச் செம்பிலிருந்துதான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தீர்கள். இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். என்மேல் அவ்வளவு பிரியம் இருந்தால், வாசலில் கால் வைத்ததுமே சொல்லியிருக்க வேண்டாமா? காபி எங்கே ஓடிவிடப்போகிறது? நான் அவரிடம் எதையும் மறைத்ததே இல்லை, முதல்நாளே நாற்காலியைத்தான் பார்க்கிறேன் என்று சொன்னவன். எங்கள் பழக்கத்தில் ஒளிவுமறைவு என்று ஏதாவது இருந்தது என்றால், மேடம், அது அவர் பக்கம்தான்.